கை வைத்தால் சிலிர்க்கும் வேல்

வரிசையிலிருந்து இறங்கி வந்த அந்த அக்காவின் கண்களில் நீர் நின்றது. எனக்கு அவரை முன்பின் தெரியாது. ஆனாலும் உரிமையோடு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொட்டேன் தம்பி. விரல் நுனியிலேர்ந்து தோள் வரைக்கும் ஜிவ்வுன்னு ஏறுது. எத்தனையோ வருசமா பூசத்துக்கு வரேன், இந்த மாதிரி ஒரு வேல நான் பார்த்ததே இல்ல. போ, நீயும் போய்த் தொடு. நல்லது நடக்கும்."

ஐம்பதைத் தாண்டியவனைத் தம்பி என்று கூப்பிட்டதிலேயே எனக்குப் பாதி நல்லது நடந்துவிட்டது.

இது சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்கு முதல் நாள், பினாங்கில் தேர் வரும் சாலையோரம் நடந்தது. என் மனைவி விமலாவின் அண்ணன் குணா, ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் இருக்கிறார். கீழே மளிகைக் கடை, மேலே குடித்தனம். வருடா வருடம் வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்.

தண்ணீர்ப் பந்தல் என்றதும் மண்பானையையும் நீர்மோரையும் நினைத்துக்கொள்ளும் வெளியூர் வாசகர்கள் மன்னிக்கவும். எங்கள் ஊர்ப் பந்தலில் இரும்புச் சட்டம் உண்டு. ஆள் உயர ஒலிபெருக்கிகள் உண்டு. கல்யாண மண்டபம் வெட்கப்படும் அளவுக்கு விளக்குகள் உண்டு. மீகூன் எனும் அரிசிச் சேமியா, தக்காளிச் சோறு, ரோஜா நிறத்தில் பண்டோங் பானம் எல்லாம் இலவசம். செவிப்பறையை மட்டும் நீங்கள் காணிக்கையாக விட்டுப் போக வேண்டும்.

அந்த வருடம் மச்சான் புதிதாக ஏழடி உயரத்தில் ஓர் எவர்சில்வர் வேல் செய்து வைத்திருந்தார். மரப்பலகை மேடை, மேலே சிவப்புக் கம்பளம், நடுவே சிமெண்ட் நிரப்பிய பிளாஸ்டிக் வாளி, வாளியில் பதித்த குழாய், குழாயில் செருகிய வேல். அடியிலிருந்து நுனிவரை வண்ண விளக்குக் கயிற்றைச் சுற்றி, இடையிடையே கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தார். பச்சை, நீலம், சிவப்பு என்று மாறி மாறி மின்னியது. முருகன் பார்த்திருந்தால் மயிலை விட்டுவிட்டு இதைத்தான் வாகனமாகக் கேட்டிருப்பார்.

வழக்கமாக மீகூனுக்குத்தான் வரிசை நிற்கும். அன்று வேலுக்கு நின்றது.

நானும் சேர்ந்தேன். பக்தியால் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த வரிசை மீகூன் மேசையை ஒட்டிப் போனது. என் முறை வந்தது. வலது கையை வைத்தேன்.

ஜிவ்வென்று ஏறியது.

கும்பிட்ட கையை விட வேகமாக இழுத்த கை எனக்கு அன்றுதான் வாய்த்தது. பின்னால் நின்றவர்கள் "அரோகரா!" என்றார்கள். எனக்கு மட்டும் முதுகில் வேர்த்தது. ஏனென்றால் அருளையும் ஷாக்கையும் பிரித்தறியும் உடம்பு என்னுடையது. அருள் இதுவரை என்னிடம் வந்ததே இல்லை. ஷாக் நிறைய வந்திருக்கிறது, பெரும்பாலும் இந்த மச்சானிடமிருந்துதான்.

மாப்பிள்ளைக்கு ஒரு பேனா

போன வாரம் என் கார் ஓட்டும் திறமை பற்றி எழுதியதைப் படித்த ஒரு நண்பர், "உன் வாழ்க்கையில் உன்னை விட முட்டாள் யாருமே வரமாட்டார்களா?" என்று கேட்டிருந்தார். வருவார்கள். ஆனால் அவர்கள் எல்லோருமே என்னை முட்டாளாக்கித்தான் அறிமுகமாவார்கள்.

குணா மச்சானை நான் முதலில் சரியாக அறிந்தது எங்கள் திருமணப் பதிவு அன்று. அதிகாரி தாளை நகர்த்தி, "இங்கே கையெழுத்து" என்றார். என் சட்டைப் பையில் பேனா இல்லை. மச்சான் பளபளவென்று ஒன்றை நீட்டினார். தலையை அமுக்கினேன். அமுக்கிய விரலில் சுள்ளென்று தேள் கொட்டியது. நான் போட்ட சத்தத்தில் அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "சம்மதம்தானே?" என்று இன்னொரு முறை கேட்டார், பாவம்.

இன்றும் எங்கள் திருமணச் சான்றிதழில் என் கையெழுத்தின் வால் மின்னல் மாதிரி இறங்கும். பேனாவை மாற்றிய பிறகும் கை அடங்கவில்லை.

அதற்குப் பின் ஷாக் அடிக்கும் சூயிங்கம் பொட்டலம், ஷாக் அடிக்கும் லைட்டர், நாற்காலிக்குப் பின்னால் கொசு பேட் என்று வரிசையாக வந்தன. பழி வாங்க ஒருமுறை நானே ஒரு ஷாக் பேனா வாங்கினேன். கடையிலிருந்து வீடு வருவதற்குள் என் சட்டைப் பையிலேயே அது மூன்று முறை வேலை செய்தது. அத்தோடு ஆயுதப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டேன்.

பேனாவும் பொட்டலமும் போகட்டும், பொம்மை. அவற்றோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை மீகூனைப் பற்றியதாக இருந்திருக்கும்.

ஒரு தீபாவளிக்கு மச்சான் கொசு பேட்டைப் பிரித்து, அதன் வயரை வாசல் இரும்புக் கேட்டில் கட்டிவிட்டு, உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். யார் கேட்டில் கை வைத்தாலும் பொத்தானை அமுக்குவார். வந்தவர் துள்ளுவார். வீடே சிரிக்கும். நானும் சிரித்தேன், துள்ளியது நானில்லை என்பதால்.

அடுத்து வந்தவர் விமலாவின் சித்தப்பா. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர். பலகாரப் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, கேட்டைத் திறக்க வலக்கையை நீட்டினார்.

விமலா போட்ட சத்தம் எதிர்க் கடை வரை கேட்டது. "சித்தப்பா, கைய எடுங்க!" என்று கத்திக்கொண்டே அண்ணன் கையிலிருந்த பேட்டைத் தட்டிவிட்டாள். சித்தப்பா மிரண்டு போய் முறுக்கைக் கீழே கொட்டினார்.

"சும்மா வெளையாட்டுக்கு லா," என்றார் மச்சான்.

"அவரு நெஞ்சுக்குள்ள இருக்கற மிஷினுக்கு வெளையாட்டுன்னு தெரியுமா?" என்றாள் விமலா.

அன்றோடு கேட் விளையாட்டு நின்றது. ஆனால் மச்சானுக்கும் கரண்டுக்கும் இருந்த நட்பு நிற்கவில்லை. வீட்டில் எந்த வயரிங் வேலைக்கும் அவர் ஆள் கூப்பிட மாட்டார். கரண்ட் தனக்குப் பழகிவிட்டது என்பார். நாய் பழகும். பூனை கூட மனசு வைத்தால் பழகும். கரண்ட் பழகாது. அதற்கு முகம் அடையாளம் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை.

பிரிட்ஜுக்கு ஒரு ஜோடி செருப்பு

மச்சானை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய? அது குடும்ப வழக்கம். என் மாமியார் வீட்டுச் சமையலறையில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. அதன் முன்னால் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். வீட்டுக்குள் செருப்பு போட்டால் வெட்டிப்போடும் மாமியார், அந்த ஒரு ஜோடிக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்திருந்தார். புது மாப்பிள்ளையான நான் தண்ணீர் குடிக்கப் போனபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ள, செருப்பு போட்டுட்டுத் தொறங்க. அது கொஞ்சம் அடிக்கும்."

ஏதோ கோபக்காரக் கொழுந்தனைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். ஒருவரும் அதைப் பழுது பார்க்கவில்லை. அதன் குணம் அறிந்து நடந்துகொண்டார்கள். நம்மவர்களின் பெருந்தன்மைக்கு எல்லையே கிடையாது. கொல்ல வருவதைக்கூட 'அது அப்படித்தான்' என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொள்வோம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மலேசியாவில் சுவரில் உள்ள பிளக் பாயிண்டுக்கு மூன்று துளை. வாங்கி வரும் மலிவுச் சாமான்களுக்கு இரண்டு கால். நேராகச் செருகினால் போகாது. மேல்துளையில் எதையாவது குத்தினால்தான் கீழே இரண்டும் வழிவிடும். அந்த மேல்துளைதான் கசியும் கரண்டைத் தரைக்கு அனுப்பும் வழி. அதில் நம்மவர்கள் குத்தாத பொருள் இல்லை: பேனா மூடி, ஐஸ்கிரீம் குச்சி, சாத்தே இறைச்சி கோத்துச் சுடும் குச்சி. ஒரு வங்கி அதிகாரி வீட்டில் பல் துலக்கும் பிரஷ்ஷின் பின்பக்கம் பார்த்திருக்கிறேன். பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், கொடுத்தால் முறையான அடாப்டர் கிடைக்கும். ஆனால் குச்சி சும்மா கிடைக்கிறதே.

என் மனைவி மட்டும் இந்தக் குலத்தில் தப்பிப் பிறந்தவள். பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் ஆலையில் சூப்பர்வைசர். அங்கே மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதிலிருந்து தரைக்கு வயர் இழுத்த பிறகுதான் எதையும் தொட விடுவார்கள். மனுஷி உடம்பிலிருந்து ஒரு பொட்டுக் கரண்ட் சிப்புக்குப் போய்விடக் கூடாதாம். 'அந்தச் சிப்புக்குக் கொடுக்கிற மரியாதைய எங்கண்ணன் மனுசனுக்குக் கொடுத்தா போதும்' என்பாள்.

ஜோதி தெரிந்த கதை

திரும்பவும் வேலுக்கு வருகிறேன்.

மச்சானைத் தேடிப் பிடித்தேன். மஞ்சள் வேட்டி, வெறும் மார்பு, நெற்றி நிறைய திருநீறு. விரதம் இருந்து கன்னம் ஒட்டியிருந்தது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றதால் காதுக்குள் கத்த வேண்டியிருந்தது.

"மச்சான், வேல்ல ஷாக் அடிக்குது!"

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாகப் பரவியது.

"என்னா மாப்ள, பேனாவுக்குப் பழி வாங்குறியா? இத்தன வருசம் காத்திருந்தியா?"

"நிஜமா மச்சான்!"

"சரி லா. நல்லா நடிக்கிற. கண்ணு முழியெல்லாம் வெளிய வருது."

"லைட்ட மட்டும் ஆஃப் பண்ணுங்க."

"தேர் வர்ற நேரத்துல வேல்ல லைட்டு இல்லாமலா? போய் மீகூன் சாப்பிடு."

வாழ்நாள் முழுவதும் எல்லோருக்கும் பொய்யாக ஷாக் கொடுத்த ஒருவரிடம் நிஜ ஷாக்கைப் பற்றிச் சொல்வது, பொய் சொல்லிப் பிழைப்பவனிடம் சத்தியம் செய்வது மாதிரி. அவர் ஊரில் அந்த நாணயமே செல்லாது.

சரி, அறிவியலைத் துணைக்கு அழைப்போம் என்று முடிவு செய்தேன். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கிடந்த அவருடைய கருவிப் பெட்டியில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பென் இருந்தது. மேடையில் ஏறி, எல்லோரும் பார்க்கும்படி அதன் நுனியை வேலில் வைத்தேன். கைப்பிடிக்குள் குட்டி விளக்கு செக்கச் செவேலென்று எரிந்தது.

"பாருங்க! எல்லாரும் பாருங்க!" என்றேன்.

பார்த்தார்கள்.

"ஜோதி!" என்றது கூட்டம். "வெற்றிவேல்! வீரவேல்! அரோகரா!"

முன் வரிசையில் ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரிசை இரண்டு மடங்காகியது. பக்கத்து ஹார்டுவேர் கடை ஆ செங் கூட வந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "வாலாவ்! உங்க சாமி ரொம்ப பவர் லா!" என்று பெருவிரலை உயர்த்திவிட்டுப் போனார். அறிவியல் வரலாற்றில் ஒரு பரிசோதனை இவ்வளவு சீக்கிரம் மதமாக மாறியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கடைசி வழி, பிளக்கைப் பிடுங்குவது. ஒலிபெருக்கிக்குப் பின்னால் தவழ்ந்து போனேன். மச்சான் கடைக்குள்ளிருந்து நீளமாக ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்திருந்தார். அதில் நாலைந்து பிளக்குகள். ஒன்று இரண்டு கால் பிளக். அதன் மேல்துளையில் ஏதோ குத்தியிருந்தது. குனிந்து பார்த்தேன். எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சி. ஒருவேளை சாமி சமாசாரத்துக்கு சாத்தே குச்சி கூடாது என்று யோசித்திருப்பார். அந்த ஆசாரத்தை நினைத்துக் கொஞ்சம் நெகிழ்ந்தேன்.

நெகிழ்ந்ததில் பக்கத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

பாட்டு நின்றது. அந்தச் சாலையில் அன்று முதன்முறையாக அமைதி. பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி, ஒலிபெருக்கிக்குப் பின்னால் குனிந்திருந்த என் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். பந்தல் தொண்டர்கள் இரண்டு பேர் பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு, அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"அங்கிளுக்கு வெயில் லா," என்று மச்சான் மைக்கிலேயே அறிவித்தார். "யாராச்சும் ஒரு பண்டோங் குடுங்க."

குடித்தேன். வேறென்ன செய்ய?

தேங்காய் மலை

காலை ஷிப்ட் முடித்து, புடவை மாற்றிக்கொண்டு விமலா வந்தபோது நான் இரண்டாவது பண்டோங்கில் இருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்த டெஸ்ட் பென்னை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய், ஒரு நொடி வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். முகம் மாறியிருந்தது.

"கேபிள் டையை ரொம்ப இறுக்கியிருக்காரு. வயரு தோலு கிழிஞ்சு வேல்ல படுது."

"எல்லாரும் தொடுறாங்களே, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

"மேல நிக்கறாங்க. காஞ்ச பலக, காஞ்ச கம்பளம். கரண்ட் கீழ எறங்க வழி இல்ல. அதான் ஜிவ்வுன்னு மட்டும் இருக்கு." சாலையைப் பார்த்தாள். "தேர் வந்ததும் அண்ணன் என்னா செய்யப் போறாரு?"

எனக்குத் தெரியும். காலையிலிருந்து அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். தேர் பந்தலுக்கு எதிரில் நின்றதும், வேலைக் குழாயிலிருந்து உருவி, விளக்கு மின்ன மின்ன இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு சாலையில் இறங்கி நிற்கப் போகிறார். அதற்காகவே வயரை நீளமாக விட்டிருந்தார்.

சாலையில் என்ன இருக்கும்? ஆ செங் கடைக்கு முன்னால் ஒரு லாரித் தேங்காய் மலை மாதிரிக் குவிந்திருந்தது. எங்கள் ஊரில் தேர் வரும் வழியெல்லாம் தமிழரும் சீனரும் தேங்காய் உடைப்பார்கள். ஒன்று இரண்டு அல்ல, வண்டி வண்டியாக. தேர் வரும்போது தார்ச் சாலை தெரியாது. கணுக்கால் நனையத் தேங்காய்த் தண்ணீர் ஓடும். அதில் நின்றுகொண்டு அந்த வேலைப் பிடித்தால், கரண்டுக்குக் காலையிலிருந்து கிடைக்காத வழி கிடைத்துவிடும்.

"வீட்டு மெயின் பெட்டியில ஒரு சுவிச்சு இருக்குமே?" என்றேன். "கசிஞ்சா தானா விழுந்து கரண்ட்ட நிறுத்துமே, அது?"

"மழ பேஞ்சா விழுது, பிரீசர்ல மீனு கெட்டுப் போவுதுன்னு அத தாண்டி வயர் போட்டு வச்சிருக்காரு. தீபாவளிக்கே திட்டினேன்."

அந்தச் சுவிட்சைப் பற்றி நான் பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது மழைக்கு விழுந்தால் மழையின் குற்றம் அல்ல. எங்கோ ஈரம் கசிகிறது, ஆளைக் கூப்பிடு என்று அர்த்தம். நாம் தகவல் சொன்னவனைக் கட்டிப்போடுகிறோம். இப்போது அந்த வீட்டில் புதுச் சுவிட்ச் இருக்கிறது. மாதம் ஒருமுறை விமலா போய் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள். பிறந்த வீட்டுக்குச் சீர் செய்யும் பெண் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

அன்று விமலா அண்ணனிடம் போனாள். கையைப் பிடித்துச் சொன்னாள்.

"அண்ணே, அதத் தொடாதீங்க. சத்தியமா கரண்ட் இருக்கு."

மச்சான் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயும் அவன்கூட சேந்துட்டியா? கூட்டுச் சதியா?" என்றார், கண்ணில் பெருமை பொங்க. தொழிலை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டதைப் பார்த்த கலைஞனின் பெருமை.

தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. தேர் முனையில் திரும்பிவிட்டது.

திரை

விமலா மேடையைப் பார்த்தாள். வேலுக்குப் பக்கத்தில் பூசாரி முத்தையா திருநீற்றுத் தட்டோடு நின்றிருந்தார். காலையிலிருந்து அவர் வேலிலிருந்து ஓரடி தள்ளியே நிற்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"ஐயா, வேலு மால சரிஞ்சிருக்கு," என்றாள் விமலா. "தேர் வர்றதுக்குள்ள அலங்காரம் பண்ணணும். திரை போடுங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒனக்கும் அடிச்சுதாம்மா?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"காலையில பொட்டு வைக்கறப்பவே அடிச்சுது. பாவம் பண்ணவனத்தான் சாமி அடிக்கும்னு நெனச்சேன். அதான் வெளிய சொல்லல."

அவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. நேரமில்லை.

சாமிக்குத் திரை போட்டுவிட்டால் எங்கள் ஜனம் அதைத் தாண்டாது. கோடி ரூபாய் கொடுத்தாலும் எட்டிப் பார்க்காது. டெஸ்ட் பென்னுக்கு அடங்காத வரிசை, மஞ்சள் துணி ஒன்று குறுக்கே வந்ததும் தானாகப் பின்வாங்கிக் கும்பிட்டு நின்றது. நான் இவ்வளவு நேரம் தவறான கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

"ஊதுபத்திக் குச்சி பிளக்கு," என்றாள் விமலா என்னிடம். "பாட்டு பிளக்கு இல்ல."

மறுபடி தவழ்ந்தேன். இந்த முறை பாட்டு நிற்கவில்லை. பிடுங்கிய பிளக்கை, எலியின் வாலைப் பிடித்த மாதிரி, திரைக்குக் கீழே நீட்டிக் காட்டினேன். அவள் அதையும் நம்பவில்லை. வேலில் டெஸ்ட் பென்னை வைத்தாள். ஜோதி இல்லை. அதன் பிறகுதான் பூச்சரம் நறுக்கும் கத்தரிக்கோலால் விளக்குக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தாள். ஒரு துண்டில் கேபிள் டை கடித்த இடம் கறுத்திருந்தது. பிறகு அண்ணனிடம் காட்ட அதை மட்டும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பூசாரி முத்தையா முதலில் ஒரு விரலால் வேலைத் தொட்டார். ஒன்றும் இல்லை. முழுக் கையையும் வைத்தார். பாவம் தீர்ந்தவரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன்.

திரை விலகியது. வேலில் சாமந்தி மாலையும் எலுமிச்சம்பழமும் மட்டும் இருந்தன.

என்னைத் தம்பி என்று கூப்பிட்ட அக்கா முதல் ஆளாக ஓடி வந்து தொட்டார். கையை எடுத்தார். மறுபடி தொட்டார்.

"போயிடுச்சு," என்றார். "யாரோ சுத்தமில்லாதவன் கை வச்சிருக்கான்." சுற்றிலும் தேடிய கண்கள் என் மீது நின்றன. தம்பிப் பதவி அந்த நிமிடமே பறிபோனது.

"லைட்டு எங்க?" என்று மச்சான் கத்தினார். "யாரு கழட்டுனது? டேய் மாப்ள!"

பதில் சொல்ல நேரம் இல்லை. தேர் வந்துவிட்டது. ஆ செங்கும் அவருடைய ஆட்களும் தேங்காயை இரண்டு கையாலும் எடுத்து எடுத்துச் சாலையில் அடித்தார்கள். ஓடு தெறித்தது. இனித்த வாசனை மூக்கில் ஏறியது. தண்ணீர் பெருகி, பந்தல் வாசல் வரை வந்து மேடைக் காலை நனைத்தது.

மச்சான் என்னை முறைத்துக்கொண்டே மேடையில் ஏறினார். வேலை இரண்டு கையாலும் பிடித்தார். குழாயிலிருந்து உருவினார். வெறுங்காலோடு இறங்கி, கணுக்கால் முழுகும் அந்தத் தண்ணீரில் நின்று, ஏழடி எவர்சில்வரைத் தலைக்கு மேல் தூக்கினார்.

ஒன்றும் ஆகவில்லை.

விமலாவின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்திருந்தன. அவள் மூச்சு விடுகிறாளா என்று நான் பார்த்தேன். இன்னும் இல்லை.

"அரோகரா!" என்றது சாலை. தேரிலிருந்து தீபாராதனை காட்டினார்கள். மச்சான் கண்ணை மூடித் திறந்தார். வேலை மார்போடு அணைத்தபடி எங்கள் பக்கம் திரும்பினார். வாய் கொள்ளாத சிரிப்பு. மேளச் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

"எங்க மாப்ள ஷாக்கு? ஆங்? எங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆ செங்கும் தேங்காயும் கையுமாகச் சிரித்தார். நான் அவர் காலடித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமலா மணிக்கட்டை விடாமல் என் காதருகே குனிந்தாள்.

"சிரிங்க," என்றாள். குரல் நடுங்கியது. "அண்ணன் பாக்குறாரு. நல்லா சத்தமா சிரிங்க."

சிரித்தேன்.